அனுபவம் என்ற ஒரே சொல் போதாது

இருளர் பழங்குடியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்த மண்ணுக்குரிய சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் இவர்கள் இருவரும் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பலரும் முதன்முறையாக அவர்கள் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அவர்களைப் பற்றிப் பேசியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் மூன்று சொற்களையே கையாண்டார்கள்: அனுபவம், பரம்பரை அறிவு, உள்ளுணர்வு. பாராட்டும் எண்ணத்தோடு சொல்லப்பட்டவைதான் எனினும், இவற்றில் எதுவும் நடந்ததைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். ஃபுளோரிடாவின் மண்ணில் அவர்களுக்கு ஒரு நாள் அனுபவமும் இருந்ததில்லை. பர்மிய மலைப்பாம்பு தமிழ்நாட்டில் வாழும் பாம்பும் அன்று. நம் காடுகளில் உள்ள மலைப்பாம்பு அதன் உறவினம். முன்னோரிடமிருந்து வந்த அறிவு என்றால், அந்த முன்னோர் எவரும் எவர்கிளேட்ஸைப் பார்த்ததில்லை. உள்ளுணர்வு என்ற சொல்லோ இன்னும் மோசமானது. ஒருவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்த வேலையை இரத்தத்தில் ஊறிய ஏதோ ஒன்றாக்கி, அதற்குரிய உழைப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

அவர்கள் செய்தது தடம் பார்த்தல். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சாலைகளிலும் கரைகளிலும் மெதுவாக வண்டியோட்டிக்கொண்டே பாம்பைத் தேடுவார்கள். இவர்கள் புதருக்குள் நேரே நடந்தார்கள். பாம்பு ஊர்ந்த தடம், அதன் கழிவு, உரித்துப் போட்ட சட்டை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளையின் வாயில் மண் வழவழப்பாக இருப்பது ஆகியவற்றைப் பார்த்தார்கள். பார்த்ததிலிருந்து பாம்பின் அளவையும், அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதையும் கருதினார்கள். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காக நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் தேடிப் பிடிக்கும் வேலையில் இந்தப் பார்வை கூர்மைப்பட்டது. நிலம் மாறியது, பாம்பு மாறியது. பார்க்கும் முறை மாறவில்லை.

இதற்குத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு. அவற்றை நாம் கலந்து குழப்பி, எல்லாவற்றையும் அனுபவம் என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பட்டறிவு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அனுபவம் என்பதற்குத் தனித்தமிழ்ச் சொல்லாக இன்று அதை எழுதுகிறோம். ஆனால் அதன் உயிர் படு என்ற வினையில் இருக்கிறது. வெயில் படுகிறது, அடி படுகிறது, கடன் படுகிறோம், துன்பப்படுகிறோம். நம்மேல் வந்து விழுவதை நாம் ஏற்றுக்கொள்வதுதான் படுதல். "பட்டால்தான் புத்தி வரும்", "பட்டுத் தெளிந்தவன்" என்று பேச்சில் சொல்லும்போது அந்தப் பொருள் மங்காமல் நிற்கிறது. ஆகவே பட்டறிவு என்பது தேடிப் போய்ப் பெற்ற அறிவு அன்று. வந்து விழுந்ததால் கிடைத்த அறிவு. அது எளிதில் மறக்காது என்பது அதன் பலம். ஒருவருக்கு எது நேர்ந்ததோ அதை மட்டுமே அது அறியும் என்பதும், ஏன் நேர்ந்தது என்று அது கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதன் குறை. முப்பது ஆண்டு ஒரே வேலையைச் செய்த ஒருவருக்கு முப்பது ஆண்டுப் பட்டறிவு இருக்கலாம். ஆனால் அந்த முப்பது ஆண்டில் அவர் எதையும் உற்றுப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். அலுவலகங்களில் பணிமூப்பையும் திறமையையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

பார்த்து அறிவது வேறு. அதில் அறிகிறவர்தான் அடியெடுத்து வைக்கிறார். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை வகைப்படுத்தும்போது "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று தொடங்குகிறது. உற்றறிதல் என்றால் அங்கே தொட்டறிதல். மெய்யால் அறியும் அறிவு. வள்ளுவரும் "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்று தொடு உணர்வுக்கே அதை வைக்கிறார். பிற்காலத்தில் அந்த உற்று என்ற சொல் கண்ணோடு போய்ச் சேர்ந்துகொண்டது. உற்றுப் பார், உற்று நோக்கு என்கிறோம். பள்ளிப் பாடநூல்களிலும் அறிவியலின் முதல் படிக்கு உற்றுநோக்கல் என்றே பெயர். இலங்கைத் தமிழில் அதே இடத்தில் அவதானிப்பு நிற்கிறது. இரண்டும் நல்ல சொற்கள்தான். எனினும் தொடுமளவுக்கு நெருங்கிப் பார்த்தல் என்ற குறிப்பு உற்றுநோக்கலுக்குள் இருப்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு.

காண்பதும் அதிலிருந்து கருதுவதும் வெவ்வேறு என்பதைத் தமிழ் நூல்கள் தெளிவாக வைத்திருக்கின்றன. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைதிக அளவைவாதி, பொருளின் உண்மையை அறியும் வழிகள் பத்து என்று காண்டல், கருதல், உவமம், ஆகமம் என வரிசையாக அடுக்குகிறான். 29-ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்தர் கொள்கையைச் சொல்லும்போது அந்தப் பத்தும் சுருங்கி இரண்டாகிவிடுகின்றன: கண்டறிவது ஒன்று, கண்டதைக் கொண்டு கருதுவது மற்றொன்று. மற்றவை யாவும் இவற்றுள் அடங்கும் அல்லது அறியும் வழியே ஆகா. பாம்பின் கழிவைக் காண்பது காண்டல்; அதிலிருந்து பாம்பின் அளவைச் சொல்வது கருதல். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்திருந்த ஒரு மொழியில் இன்று நாம் உள்ளுணர்வு என்று எழுதிவிட்டு நகர்வது எனக்கு ஏற்கவில்லை.

காண்டல் எங்கே முடிகிறது, கேட்டு நம்புவது எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க மாட்டுச் சந்தையைவிட நல்ல இடம் இல்லை. தரகர் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, கீழுதட்டைக் கட்டைவிரலால் கீழே இழுத்து ஒரு நொடி பார்ப்பார். "நாலு பல்லுங்க" என்று சொல்வார். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. கீழ்த்தாடையில் உள்ள எட்டு முன்பற்களில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணை இணையாக முளைக்கும். முதல் இணை சுமார் இரண்டு வயதில் வரும். கடைசி இணை நாலரை, ஐந்து வயதுக்குள் வந்து கடை சேர்ந்துவிடும். ஆகவே "நாலு பல்" என்றால் வயது ஏறத்தாழ மூன்று. எவரும் சரிபார்க்கக்கூடிய, தவறினால் பிடிபடக்கூடிய அறிவு இது. கால்நடை மருத்துவரும் வயதை இப்படித்தான் கணிக்கிறார்.

அதே தரகர் அடுத்த நொடியில் மாட்டின் நெற்றியையும் முதுகையும் தடவிச் சுழி பார்ப்பார். "சுழி சுத்தமுங்க" என்பார். முடி சுழன்று வளர்ந்திருக்கும் இடத்தை வைத்து, இந்த மாடு வாங்கினவருக்கு ஆகும், ஆகாது என்று முடிவு கட்டுவது வழக்கம். நல்ல உழைப்பாளியான மாடு ஒரு சுழிக்காக விலை குறைந்து போவதையும், அதை வைத்திருந்த ஏழைக் குடும்பம் அந்த நட்டத்தைச் சுமப்பதையும் கண்டிருக்கிறேன். அதே கைதான், அதே மாடுதான். இரண்டையும் சந்தையில் அனுபவம் என்றே சொல்கிறார்கள். பல் பார்ப்பது கண்டறிவு. சுழி பார்ப்பது எவரோ எப்போதோ சொன்னதை மாட்டின் மேல் ஏற்றிப் படிப்பது. சுழி தவறாகிப் போனால் அந்தத் தவறு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. பழைய அறிவு அத்தனையும் உயர்ந்தது என்று சொல்பவர்களோடும், அத்தனையும் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இந்தச் சந்தையே காரணம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். பதம். பட்டறிவையும் கண்டறிவையும் விட இது துல்லியமானது என்பேன். ஏனென்றால் அறிவின் பெயராக மட்டும் இல்லாமல், ஒரு பொருள் சரியான நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்கும் சோதனையின் பெயராகவும் அது இருக்கிறது. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழியைத் தினமும் சொல்கிறோம். பானையைக் கிண்டிவிட்ட பிறகு எங்கிருந்து எடுத்தாலும் பருக்கை ஒரே மாதிரிதான் வெந்திருக்கும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. மாதிரி எடுத்து முழுமையை அறியும் முறைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

அதிரசப் பாகு காய்ச்சும்போது என் பெரியம்மா அடுப்பருகில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வார். பாகு நுரைத்துப் பொங்கி, நுரை பெரிய குமிழிகளாக மாறும்போது கரண்டியின் நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீருக்குள் விடுவார். பாகு கரைந்து பரவினால் இன்னும் காய வேண்டும். அடியில் திரண்டு நின்று, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வந்து, எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் சத்தம் கேட்காமல் அமுங்கினால் அதுதான் பதம். கொஞ்சம் தாண்டிப்போய் டக்கென்று சத்தம் கேட்டால் அதிரசம் கல்லாகிவிடும். முந்திவிட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். எத்தனை நிமிடம் காய்ச்ச வேண்டும் என்று கேட்டால், "நிமிசக் கணக்கெல்லாம் கேக்காத கண்ணு, தண்ணில உட்டுப் பாரு" என்பார்.

இதே நிலையை இன்றைய மிட்டாய்த் தொழிலில் வெப்பமானியால் அளக்கிறார்கள். சர்க்கரைப் பாகு சுமார் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்போது இந்த உருண்டைப் பதம் வரும். எண் இருப்பது நல்லதுதான். பெருமளவில் செய்கிறவர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் வெப்பமானி அளப்பது சூட்டை. நமக்கு வேண்டியது பாகின் இறுக்கம். நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறுவதால் சூட்டைக் கொண்டு இறுக்கத்தை ஊகிக்கிறோம். ஊட்டியில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், தண்ணீரே 93 டிகிரியை எட்டுவதற்குள் கொதித்துவிடும். அங்கே 112 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தால் பாகு பதம் தாண்டிப்போகும். வெல்லத்தின் ஈரமும் கசடும் மண்டிக்கு மண்டி மாறுவதாலும் எண் நகரும். கிண்ணத்துத் தண்ணீரோ ஊட்டியிலும் உடுமலையிலும் ஒரே விடையைச் சொல்லும்; ஏனென்றால் அது இறுக்கத்தையே நேரடியாகத் தொட்டுப் பார்க்கிறது. எண் இல்லாத அறிவு தோராயமானது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுவோரும் பதம் என்றே சொல்வார்கள். எண்ணெயின் அடியில் தங்கும் கசடை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பார்கள். மெழுகு போல் திரண்டால் மெழுகுப் பதம், மணல் போல் நறநறத்தால் மணற்பதம். எந்தத் தைலத்தை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது முறையாக வகுக்கப்பட்டிருக்கிறது. சமையலறையிலும் மருந்துக் கூடத்திலும் ஒரே சொல் புழங்குவது தற்செயல் இல்லை. இரண்டு இடத்திலும் விரல்தான் கருவி.

உழவுக்கும் பதம் உண்டு. மண்ணைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலை விரித்ததும் அது உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஏர் ஓட்டினால் பாளம் பாளமாகப் புரண்டு காய்ந்து கட்டியாகும். பிடித்தால் கூடி, தட்டினால் உதிர்ந்தால் உழவுப் பதம். டிராக்டர் வந்த பிறகும் நல்ல ஓட்டுநர் வண்டியை வயலில் இறக்குவதற்கு முன் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பதைப் பார்க்கலாம்.

மண்ணைப் பற்றிய உற்றுநோக்கல் திருக்குறளில் எண்ணோடு வருகிறது. "தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்" என்பது 1037-ஆம் குறள். தொடி என்பது ஒரு பலம். கஃசு என்பது கால் பலம். ஒரு பலப் புழுதி கால் பலம் ஆகும் அளவுக்கு உழுத மண்ணைக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்று பொருள். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் அது பொருந்தாது. வயல் மண் காய்ந்து முக்கால் பங்கு எடையை இழக்காது, அவ்வளவு நீர் அதில் இருப்பதில்லை. அடுத்த குறளிலேயே "ஏரினும் நன்றால் எருவிடுதல்" என்று எருவைத் தூக்கிப் பிடிக்கும் வள்ளுவர், எருவே வேண்டாம் என்று சொல்ல வந்தவரும் அல்லர். ஆகவே அந்த எண் காய்ச்சலின் அருமையை அழுத்திச் சொல்வதற்காக வந்தது என்றே நான் கொள்கிறேன். ஆனால் எண்ணுக்குப் பின்னால் உள்ள காட்சி மெய்யானது. நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாகக் கிளர்ந்து, மட்கில் அடைபட்டிருந்த தழைச்சத்தை விடுவிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்த ஹெச். எஃப். பர்ச் 1958-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மண்ணியலாளர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று கோடை உழவு ஓட்டியவர்கள் சொன்னது இந்த விளைவைத்தான். நுண்ணுயிர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பயிரில் வந்த கருமை தெரிந்தது.

உழவர் பழமொழிகள் பலவும் இப்படிப்பட்ட குறிப்பேடுகள்தாம். "நண்டோட நெல், நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை" என்பது நடவு இடைவெளிக்கான அட்டவணை. அளவுகோல் கையில் இல்லாதவரும் கண்ணால் அளக்கும்படி, ஊரில் எல்லோரும் பார்த்த உருவங்களைக் கொண்டு சொல்லப்பட்டது. தென்னைக்கு 25 அடி விட வேண்டும் என்று வேளாண்மைத் துறை சொல்வதும் தேர் ஓடும் அகலமும் வெகு தொலைவில் இல்லை. "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்பது அதைவிட நுட்பமானது. நெருக்கி விதைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும், விலக்கி விதைத்தால்தான் மணி கூடும் என்று இரண்டு விளைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. மடகாஸ்கரில் 1980-களில் ஹென்றி டி லாலனியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஒற்றை நாற்று முறை, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்றா என்று தயங்கியவர்கள் பலர். பழமொழி வாயில் இருந்தது; வயலில் கை நெருக்கி நடவே பழகிப்போயிருந்தது. சொல் நிலைத்திருப்பதும் அதன் பின்னால் உள்ள பார்வை நிலைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

மழைக் குறிகளை விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஈசல், எறும்பு, தும்பி பற்றிய பழமொழிகள் நிறைய உண்டு. சிலவற்றில் காற்றின் ஈரத்தைப் பற்றிய உண்மை இருக்கிறது, சிலவற்றை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. சரிபார்க்காமல் புகழ்வது அவற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

செவியால் வரும் அறிவுக்குத் தமிழில் தனி இடம் உண்டு. கேள்வி என்ற அதிகாரத்தை வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தே வைத்திருக்கிறார்; அங்கே அது கற்றவர் சொல்லக் கேட்பது. இசையுலகில் அதே சொல் கேள்வி ஞானம் என்று வேறு வேலை செய்கிறது. ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்காமல், பாடுகிறவர்களைக் கேட்டுக் கேட்டே ராகத்தின் பிடிகளை அறிந்துகொண்டவரை அப்படிச் சொல்கிறார்கள். மதிப்போடு சொல்லப்படும் சொல் அது.

அந்த மதிப்பு எல்லாச் செவிகளுக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் உள்ள கரிய வட்டத்தைச் சோறு என்கிறார்கள். வடித்த சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் சேர்த்துப் பிசைந்த பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு என்று பொறுமையாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் தட்டிக் கேட்பார்கள். நாதம் எங்கே கூடுகிறது, எங்கே அடைக்கிறது என்பதைச் செவிதான் சொல்லும். அதன்படியே அடுத்த பூச்சின் அகலமும் கனமும் அமையும். தோல், கல், பசை மூன்றின் பதமும் தெரிந்த கையும், சுருதி தெரிந்த காதும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் இது நடக்கும். தோலோடு புழங்குவதால் இந்தத் தொழிலைச் செய்துவந்த குடும்பங்கள் சாதியால் ஒதுக்கப்பட்டவை. வாசிக்கிறவரின் காதில் இருப்பது கேள்வி ஞானம் என்றும், அதே சுருதியைத் தோலில் ஏற்றுகிறவரின் காதில் இருப்பது கைவேலை என்றும் நாம் பெயர் வைத்தோம். ஒரே புலன் செய்யும் ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு பெயர்.

அந்தச் செவி என்ன செய்திருக்கிறது என்பதை இயற்பியல் அளந்து காட்டியிருக்கிறது. விறைப்பாக இழுத்துக் கட்டிய வெறும் தோல், தட்டினால் ஒழுங்கான சுரத்தைத் தராது. அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை என்பதால் முழக்கம் மட்டுமே கேட்கும். சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையிலும், 1930-களில் விரிவாக எழுதிய இன்னொரு கட்டுரையிலும், மிருதங்கத்தின் தோல் இதற்கு விலக்கு என்று காட்டினார். நடுவில் ஏற்றிய அந்தச் சோற்றின் கனம் ஒன்பது இயல்பு அதிர்வுகளை ஐந்து இசைவான சுரங்களுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, தட்டும்போது அது எந்தக் கோடுகளில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து அவர் அந்த அதிர்வுகளைப் பிரித்தறிந்தார். பூச்சுக்குப் பூச்சு தட்டிக் கேட்டவர்கள் அந்த ஐந்து சுரங்களை அதற்கு வெகு காலம் முன்பே தேடிப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய அறிவைப் பற்றி எழுதும்போது நான் செவியறிவு என்றே எழுதுகிறேன். அது எந்தப் பூச்சில், எந்தக் கல்லால், எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.